பட்டியலில் நான் எத்தனையாவது?

கேள்வி: எனக்கு வயது 28. சொந்த ஊர் திண்டுக்கல். மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஒரகடத்தில் பிரேக் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். அமெரிக்காவில் எம்.பி.ஏ. படிப்பதற்காக ஜனவரியில், இரண்டாவது சுற்றில், மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். மார்ச் கடைசியில் முடிவுகள் வந்தன. ஒரு கல்லூரி மறுத்துவிட்டது. இன்னொன்று 40,000 டாலர் உதவித்தொகையுடன் இடம் தந்திருக்கிறது. ஏப்ரல் 30-க்குள் 1,500 டாலர் முன்பணம் கட்ட வேண்டும். நான் மிகவும் விரும்பிய மூன்றாவது கல்லூரி என்னைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது. பட்டியலில் நீடிக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்று பதில் அனுப்பிவிட்டேன். புதிய விவரம் ஏதாவது இருந்தால் ஒரு முறை அனுப்பலாம், விரும்பினால் கூடுதலாக ஒரு பரிந்துரைக் கடிதமும் சேர்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஜிமேட் (எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு) மதிப்பெண் 645 (கணிதம் 79, மொழி 86, டேட்டா இன்சைட்ஸ் 81). கல்லூரியில் எம்-3 (மூன்றாவது கணிதத் தாள்) தாளில் ஒரு அரியர் இருந்தது. அப்பா தினமும் “எத்தனையாவது நம்பர்?” என்று கேட்கிறார். அவருடைய நண்பரின் மகன், 700-க்குக் குறைந்தால் ஒன்றும் நடக்காது என்கிறான். மாமா, தனக்குத் தெரிந்த முன்னாள் துணைவேந்தர் ஒருவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஒரு ஆலோசனை நிறுவனம் ‘வெயிட்லிஸ்ட் பேக்கேஜ்’ என்று 60,000 ரூபாய் கேட்கிறது. நான் எழுதிய கடிதத்தின் வரைவையும், என் வேலை, கடன் பற்றிய ஒரு குறிப்பையும் இணைத்திருக்கிறேன். அனுப்பலாமா? ஜிமேட் மறுபடியும் எழுதலாமா? முன்பணம் கட்டுவதா, காத்திருப்பதா? என் பெயரும் கல்லூரிகளின் பெயரும் வேண்டாம்.

— ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற குழப்பங்கள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அவர் பாண்டியன் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார். வெயிட்டிங் லிஸ்ட் 42 என்றால், முன்னால் இருப்பவர்கள் ரத்து செய்யச் செய்ய நம்பர் இறங்கும். சார்ட் போடும்போது தெரிந்துவிடும். நம் ஊர் ஐஐஎம்களிலும் ஏறக்குறைய அப்படித்தான். கேட் (CAT) நுழைவுத் தேர்வு மதிப்பெண், பள்ளி கல்லூரி மதிப்பெண், நேர்காணல், பணி அனுபவம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு தரவரிசை போடுகிறார்கள். இட ஒதுக்கீட்டுப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. மேலே இருப்பவர் வேறு ஐஐஎம்முக்குப் போனால் கீழே இருப்பவர் ஏறுகிறார். நம்பர் தெரியும், போன வருடம் எதுவரை போனது என்றும் விசாரித்துக்கொள்ளலாம். மாணவர் செய்வதற்கு அங்கே எதுவும் இல்லை.

அமெரிக்க எம்.பி.ஏ. கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் இப்படி ஒரு வரிசையே கிடையாது. அதனால் உங்களுக்கு நம்பரும் கிடையாது. சேர்க்கைக் குழு ஒரு வகுப்பைக் கட்டுகிறது. இத்தனை பேர் வங்கித் துறையிலிருந்து, இத்தனை பேர் ராணுவத்திலிருந்து, இத்தனை பேர் உற்பத்தித் துறையிலிருந்து, இத்தனை பெண்கள், இத்தனை வெளிநாட்டினர் என்று எழுதப்படாத ஒரு கணக்கு அவர்களிடம் இருக்கும். இடம் தந்த எல்லோரும் வந்து சேர மாட்டார்கள். கொடுத்த இடங்களில் பாதிகூட நிரம்பாத நல்ல கல்லூரிகள் உண்டு. எனவே இருக்கும் இடங்களைவிட அதிகம் பேருக்கு அழைப்பு அனுப்புகிறார்கள்; அதற்கும் மேல் கொஞ்சம் பேரை ஒதுக்கி வைத்துக்கொள்கிறார்கள். முன்பணம் கட்டும் கடைசி நாள் கடந்ததும் எண்ணிப் பார்ப்பார்கள். எந்த மாதிரி ஆட்கள் குறைகிறார்களோ அந்த மாதிரி ஆளைத் தேடிப் பட்டியலைத் திறப்பார்கள். ஆலோசனைத் தொழிலிலிருந்து வரவிருந்த ஒருவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால், அந்த இடம் உங்களுக்கு வராமலே போகலாம். உங்களைப் போலச் சப்ளை செயின் (பொருள் வழங்கல் மேலாண்மை) படிக்க வரவிருந்தவர் போய்விட்டால், உங்கள் கோப்பு ஒரே நாளில் மேலே வரலாம்.

பட்டியல் நகரும் காலமும் ஓரளவு தெரிந்ததுதான். முதல் அசைவு, இரண்டாம் சுற்று முன்பணத் தேதிகள் முடியும் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடு வரை. மூன்றாவது சுற்று முடிவுகள் வரும்போது இன்னொரு அசைவு. அதன்பின் ஜூன், ஜூலையில் உதிரியாக ஓரிருவர்: விசா கிடைக்காதவர், நிறுவனம் பதவி உயர்வு கொடுத்ததால் மனம் மாறியவர், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் போனவர். அந்தக் கடைசிக் கட்டத்தில் வரும் அழைப்பு இந்தியாவில் இருப்பவருக்கு எவ்வளவு பயன்படும் என்பது வேறு விஷயம். விசா பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன்.

ஆக, எத்தனையாவது என்று கேட்டுப் பயனில்லை. இரண்டு கேள்விகள் பயன் உள்ளவை. உங்கள் கோப்பைப் படித்தவர் எந்த இடத்தில் தயங்கியிருப்பார்? அந்தத் தயக்கத்தைத் தீர்க்க இந்த நான்கைந்து வாரங்களில் உங்களால் எதைக் காட்ட முடியும்?

தயக்கம் எங்கே என்று பார்க்க மந்திரம் தேவையில்லை. ஆறு ஆண்டு அனுபவம் இருக்கிறது, உற்பத்தித் துறையிலிருந்து வரும் பெண், மொழிப் பகுதியில் 86. இவையெல்லாம் பலம். இடறுவது, கணிதத்தில் 79, எம்-3 அரியர். பொறியியல் படித்தவருக்குக் கணிதம் தானாக வரும் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். உங்கள் கோப்பில் இரண்டு இடங்களில் அது பொய்க்கிறது. முதல் பருவத்திலேயே புள்ளியியலும் நிதிக் கணக்கும் வேகமாகப் போகும் வகுப்பில் இவர் தாக்குப்பிடிப்பாரா என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்-3 என்றால் என்ன, அதில் எத்தனை நல்ல மாணவர்கள் வழுக்கி விழுந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் மிச்சிகனிலோ வர்ஜீனியாவிலோ உட்கார்ந்து படிப்பவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவது, கணிதத் தாள் ஒன்றில் தேறாமல் மறுபடி எழுதியிருக்கிறார் என்பது மட்டுமே.

நண்பரின் மகன் சொல்லும் 700-ஐ மறந்துவிடுங்கள். அது பழைய ஜிமேட் கணக்கு. 2023 நவம்பரில் வந்த புதிய தேர்வில் மதிப்பெண் 205-இலிருந்து 805 வரை. எல்லா மதிப்பெண்ணும் ஐந்தில்தான் முடியும். 700 என்ற மதிப்பெண்ணே இப்போது யாருக்கும் வராது. உங்கள் 645, பழைய 700-க்கு ஏறக்குறைய சமம். எனவே மொத்த மதிப்பெண்ணுக்காக நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. கவலை, கணிதப் பகுதிக்கு மட்டும்தான்.

அதற்காக மறுபடி எழுதுங்கள் என்றே சொல்வேன். ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் 16 நாள் இடைவெளி இருந்தால் போதும். 12 மாதங்களில் ஐந்து முறை எழுதலாம். மே முதல் வாரத்தில் ஒரு தேதி எடுங்கள். மொழியை விட்டுவிட்டு, தினமும் ஒரு மணி நேரம் கணிதத்துக்கு மட்டும் கொடுங்கள். 79 என்பது 83, 84 ஆனால், மொத்தம் பெரிதாக ஏறாவிட்டாலும் கேள்வி அடங்கிவிடும். குறைந்துவிட்டால் அனுப்பத் தேவையில்லை. மதிப்பெண்ணைப் பார்த்த பிறகே அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். தேர்வே வேண்டாம் என்று தோன்றினால், ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆன்லைனில் நடத்தும் ‘கோர்’ மாதிரி, கணக்கியலும் புள்ளியியலும் சேர்ந்த, தேர்வு வைத்து முடிவு தரும் படிப்பு ஒன்றில் சேரலாம். ஆனால் அதற்குப் பணமும் வாரங்களும் ஆகும். ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் படிப்பு செலவில்லாதது, தேர்வும் நேரில் கண்காணிப்புடன் நடக்கும், நல்லதுதான். ஆனால் அடுத்த பருவம் ஜூலையில்தான் தொடங்கும், உங்களுக்கு உதவாது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு முறைதான் அனுப்பலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மதிப்பெண் வரும்வரை கடிதத்தை வைத்திருப்பதா? வேண்டாம். ஏப்ரல் கடைசியில் அவர்கள் பட்டியலைத் திறந்து பார்க்கும் நேரத்தில் உங்கள் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். தேர்வு மதிப்பெண் தேர்வு நிறுவனத்திடமிருந்து நேரே போவது. அதைப் பல கல்லூரிகள் தனியாகவே ஏற்றுக்கொள்ளும். “மே மாதம் ஜிமேட் மறுபடி எழுதுகிறேன், மதிப்பெண்ணைப் பின்னால் அனுப்பலாமா?” என்று சேர்க்கை அலுவலகத்துக்கு இரண்டே வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்விக்காக யாரும் உங்களைக் கழித்துக்கட்ட மாட்டார்கள். வாரம் ஒரு முறை “ஏதாவது முடிவு தெரிந்ததா?” என்று கேட்டால்தான் எரிச்சல் வரும்.

இனி உங்கள் வரைவு. அதை அப்படியே அனுப்பக் கூடாது.

முதல் வரி: “உலகப் புகழ்பெற்ற உங்கள் கல்லூரியில் படிப்பது என் சிறு வயதுக் கனவு.” திண்டுக்கல்லில் எட்டாம் வகுப்பு படித்தபோது அந்தக் கல்லூரியின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அது அதைப் படிப்பவருக்கும் தெரியும். அடுத்த இரண்டு பத்திகளும் விண்ணப்பக் கட்டுரையில் சொன்னதையே வேறு சொற்களில் சொல்கின்றன. அவர்கள் ஏற்கெனவே படித்தவை. நான்காவது பத்தியின் கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி: “பிப்ரவரியிலிருந்து சப்ளையர்களை மேம்படுத்தும் பொறுப்பையும் கூடுதலாகக் கவனித்து வருகிறேன்.”

கடிதமே அந்த வரியில்தான் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் காலிபர் பிஸ்டன் கடைந்து தரும் சிறு பட்டறை பற்றி எனக்கு எழுதிய குறிப்பில் எவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்கிறீர்கள்! நூற்றுக்கு நான்கு பிஸ்டன் விட்டம் குறைவு என்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பட்டறை உரிமையாளரோ, பில்லை இழுத்தடிக்கத்தான் கம்பெனி வேண்டுமென்றே கழிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். நீங்கள் போய் நின்று பார்த்தபோது, லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு பிஸ்டனைக் கேஜில் வைத்து அளக்கிறார்கள். சூட்டில் விரிந்திருக்கும் உலோகம் அளவு சரியாகக் காட்டுகிறது. உங்கள் தொழிற்சாலையின் குளிரூட்டிய அறையில் 20 டிகிரியில் அளக்கும்போது சில மைக்ரான் குறைந்துவிடுகிறது. ஆற வைத்து அளக்கச் சொன்னீர்கள். உற்பத்தி தாமதமாகும் என்று அவர் சண்டை போட்டார். ஒரு வாரம் அவர் பட்டறையிலேயே உட்கார்ந்து, ஒரே பிஸ்டனைச் சூட்டோடும் ஆறிய பிறகும் அவர் கையாலேயே அளக்க வைத்துக் காட்டினீர்கள். இப்போது நூற்றுக்கு ஒன்றுகூடத் திரும்புவதில்லை. மற்ற சப்ளையர்களுக்கும் அவரே போன் செய்து சொல்கிறார்.

இதை ஏன் கடிதத்தில் எழுதவில்லை என்று கேட்டால், “அது தினசரி வேலைதானே சார்” என்பீர்கள். ஆமாம். எம்.பி.ஏ. சேர்க்கைக் குழு தேடுவதும் அந்தத் தினசரி வேலையில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத்தான். தனக்குக் கீழே வேலை செய்யாத, தன்னை நம்பாத, வயதில் மூத்த ஒருவரை அதிகாரம் இல்லாமல் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அளவீட்டுப் பிழையைக் கண்டுபிடித்துக் கணக்கோடு நிரூபித்திருக்கிறீர்கள். கணிதத்தில் தயக்கம் இருக்கும் கோப்புக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. அதோடு, இது ஜனவரியில் விண்ணப்பித்தபோது இல்லாதது. ‘புதிய விவரம்’ என்று அவர்கள் கேட்டதும் இதுதான்.

ஆகவே கடிதத்தை ஒரே பக்கத்தில் முடியுங்கள். முதல் பத்தியில் பிப்ரவரியில் மாறிய பொறுப்பு, அடுத்ததில் பிஸ்டன் கதை, ஏழெட்டு வரிக்குள். அடுத்து அந்தக் கல்லூரியில் நீங்கள் எடுக்கப் போகும் பாடம் எது, ஆலைகளில் மாணவர்களை வேலை செய்ய வைக்கும் திட்டம் அங்கே இருந்தால் அதில் என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்று குறிப்பாக மூன்று வரி. “சிறந்த பேராசிரியர்கள், பன்முகத்தன்மை கொண்ட மாணவர்கள்” என்று எழுதினால் அது எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும், கழித்துவிடுங்கள். எம்-3 பற்றி ஒரு வரி: அந்த ஆண்டு தேறவில்லை, அடுத்த முறை தேறினேன், இப்போது கணிதப் பகுதிக்காக மறுபடி தேர்வு எழுதுகிறேன், தேதி இன்னது. காரணம் சொல்ல வேண்டாம். ஹாஸ்டல் சாப்பாடு, உடல்நிலை, வினாத்தாள் கடினம் எல்லாம் நமக்குள்ளேயே இருக்கட்டும்.

“இடம் தந்தால் கட்டாயம் வந்து சேர்வேன்” என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். கல்லூரிகள் இந்த வரியைத் தேடிப் படிக்கும். பட்டியலிலிருந்து ஒருவரைக் கூப்பிடும்போது அவர் மறுத்தால் இன்னொருவரைத் தேட வேண்டும். அது அவர்களுக்குத் தலைவலி. வருவேன் என்பவரைக் கூப்பிடுவது எளிது. ஆனால் இந்த வரியை எழுதும் முன் அப்பாவை உட்கார வைத்துக் கணக்குப் போடுங்கள். இந்தக் கடிதத்திலேயே மிகவும் விலை உயர்ந்த வரி இது. கையில் இருக்கும் கல்லூரி 40,000 டாலர் தருகிறது. இன்றைய மாற்று விகிதத்தில் 35 லட்ச ரூபாயைத் தாண்டும். பட்டியலிலிருந்து ஏறுபவர்களுக்கு உதவித்தொகை பெரும்பாலும் மிஞ்சியிருக்காது. பெயர்பெற்ற அமெரிக்கக் கல்லூரிகளில் இரண்டு ஆண்டுப் படிப்பும் தங்கும் செலவும் சேர்த்து 2,00,000 டாலரைச் சுலபமாகக் கடக்கிறது. அந்த 35 லட்சம் கூடுதல் கடனைச் சுமந்துகொண்டும் அங்கேதான் போவேன் என்று முழு மனத்தோடு சொல்ல முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் “என் முதல் விருப்பம் உங்கள் கல்லூரியே” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுதிவிட்டு ஜூனில் பின்வாங்கினால் சட்டப்படி எதுவும் ஆகாதுதான். ஆனால் நீங்கள் கொடுத்த வாக்கை நம்பி அவர்கள் இன்னொருவரை விட்டிருப்பார்கள்.

கொஞ்சம் முரட்டுத்தனமாக ஒன்று சொல்ல வேண்டும். விரும்பிய கல்லூரி இன்றைக்கே மறுத்துவிட்டால், கையில் இருக்கும் கல்லூரிக்குப் போவீர்களா? போவேன் என்றால் 1,500 டாலரை ஏப்ரல் 30-க்கு முன் கட்டிவிடுங்கள். பட்டியலில் இருந்து அழைப்பு வந்தால் அந்தப் பணம் போய்விடும். நிம்மதிக்குக் கொடுத்த விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஓர் இடத்தில் முன்பணம் கட்டிவிட்டு இன்னோர் இடத்தின் பட்டியலில் நீடிப்பதில் தவறில்லை, எல்லோரும் செய்வதுதான், கல்லூரிகளுக்கும் தெரியும். இரண்டு இடத்தில் முன்பணம் கட்டி வைத்துக்கொள்வதுதான் முறையற்றது. போக மாட்டேன் என்றால், பயத்தில் பணம் கட்டாதீர்கள். செப்டம்பரில் முதல் சுற்று மறுபடி திறக்கும். ஏழெட்டு மாத சப்ளையர் அனுபவத்துடன் போகும் விண்ணப்பம் இப்போதையதைவிட வலுவாக இருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், கையில் இருக்கும் கல்லூரியைத் தரவரிசை எண்ணை மட்டும் பார்த்துக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். நீங்கள் போக விரும்பும் துறை சப்ளை செயின். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பிராட் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தரவரிசையில் முதல் பத்துக்குள் அதைத் தேடினால் கிடைக்காது. சப்ளை செயின் என்ற ஒரே துறையைப் பார்த்தால் பல ஆண்டுகளாக உச்சியில் இருக்கிறது. கார் நிறுவனங்கள் அங்கே போய் ஆள் எடுக்கின்றன. சென்ற ஆண்டு முடித்தவர்கள் எந்தெந்த நிறுவனங்களில், எந்த வேலைக்குப் போனார்கள் என்ற அறிக்கையை இரண்டு கல்லூரிகளுக்கும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உங்கள் பிரிவு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்று வகைப்படுத்தப்பட்டதா என்பதையும் பாருங்கள். படிப்பு முடிந்து வேலை பார்க்க 12 மாதமா, அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பும் உண்டா என்பது அதைப் பொறுத்தது. வெளிநாட்டு மாணவருக்குத் தரவரிசையில் நாலைந்து இடம் முன்பின் இருப்பதைவிட இது பெரிய விஷயம்.

மாமாவுக்கு நன்றி சொல்லி, துணைவேந்தர் கடிதத்தைத் தவிர்த்துவிடுங்கள். உங்களோடு ஒரு நாள்கூட வேலை செய்யாதவர் “மிகுந்த திறமைசாலி” என்று எழுதும் கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை. சில சமயம் பாதகமாகவும் போகும். கூடுதல் பரிந்துரை அனுப்புவதானால், சப்ளையர் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்த உங்கள் தொழிற்சாலை மேலாளர்தான் ஆள். அவருடைய ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பிப்ரவரிக்குப் பிறகு என்ன மாறியது என்று அவர் தன் வார்த்தையில் பத்து வரி எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்து அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். இரண்டு கடிதங்களும் ஒரே கை என்று கண்டுபிடிப்பது அவர்களுக்குக் கஷ்டமே இல்லை.

60,000 ரூபாய் பேக்கேஜ் பற்றி. நானும் இதே தொழிலில் இருப்பவன், அதனால் சொல்கிறேன்: ஒரு பக்கக் கடிதத்துக்கு அந்தப் பணம் அதிகம். “உள்ளே ஆள் இருக்கிறார், பேசிவிடுவோம்” என்ற தொனியில் யாராவது பேசினால் போனை வைத்துவிடுங்கள். உள்ளே ஆள் கிடையாது.

கடன், விசா இரண்டிலும் கையில் இருக்கும் கல்லூரியை உண்மையான இடமாக வைத்தே எல்லா வேலையையும் நடத்துங்கள். பட்டியலை நம்பி ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள்: மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று திண்டுக்கல்லுக்கும் சென்னைக்கும் அலைய வாரக்கணக்கில் ஆகும். சொத்து சம்பந்தமான இந்த வேலை எந்தக் கல்லூரிக்குப் போனாலும் தேவைப்படும், இப்போதே முடித்துவையுங்கள். கல்லூரி மாறினால் வங்கி ஒப்புதல் கடிதத்தைத் திருத்தித் தர வேண்டியிருக்கும், தொகையும் கூடும். வங்கி மேலாளரிடம் இந்த வாய்ப்பை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முன்பணம் கட்டியதும் ஐ-20 (மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் படிவம்) கேளுங்கள். வந்ததும் 350 டாலர் செவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் கட்டி விசா நேர்காணலுக்கு நாள் பிடியுங்கள். சென்னையில் ஜெமினி பாலத்துக்குப் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஜூன், ஜூலை நாட்கள் எவ்வளவு நெருக்கடி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2025-இல் மே கடைசி வாரத்திலிருந்து ஜூன் 18 வரை மாணவர் விசாவுக்குப் புதிதாக நாள் கொடுப்பதையே அமெரிக்கா நிறுத்தி வைத்தது. எப்போது என்ன வரும் என்று சொல்ல முடியாத காலம் இது. பின்னால் பட்டியலிலிருந்து அழைப்பு வந்தால் புதிய கல்லூரி வேறு ஐ-20 தரும். அதற்கு வேறு செவிஸ் எண். கட்டிய செவிஸ் கட்டணத்தைப் புதிய எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முதல் முறை உள்ளே நுழையும்போது விசாவும் ஐ-20-உம் ஒரே கல்லூரியைக் காட்ட வேண்டும். முதல் விசா கைக்கு வந்திருந்தாலும் மறுபடி தூதரகத்துக்குப் போக வேண்டியிருக்கும். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் கல்லூரி ஜூலை கடைசியில் கூப்பிட்டால் இதெல்லாம் முடியுமா? கணக்கு உதைக்கிறது.

அதனால் உங்களுக்கென்று ஒரு கடைசித் தேதி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஜூன் 30 என்பேன். அன்றுவரை அழைப்பு வராவிட்டால், நன்றி சொல்லி, பட்டியலிலிருந்து விலகுவதாக நீங்களே இரண்டு வரி எழுதிவிடுங்கள். அதற்கு முன் அழைப்பு வந்தால் அது பெரும்பாலும் தொலைபேசியில்தான் வரும், நம் நேரப்படி மாலையிலோ இரவிலோ. “இடம் தந்தால் வருகிறீர்களா?” என்று கேட்டுவிட்டு ஓரிரு நாளில் பதில் எதிர்பார்ப்பார்கள். அப்போது உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது. உதவித்தொகை இல்லாமல் எவ்வளவு கடன்வரை போகலாம் என்ற எண்ணை அப்பாவும் நீங்களும் இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். உதவித்தொகை உண்டா என்று ஒரு முறை கேளுங்கள், தவறில்லை. அதற்கு மேல் பேரம் பேச வேண்டாம். வெளிநாட்டு எண் என்று தெரிந்தால் மோசடி அழைப்பு என்று துண்டித்துவிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இரண்டு மாதத்துக்கு அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் நம்பர் கிடையாது என்பதை ஒரு முறை விளக்கிச் சொல்லிவிட்டு, ஜூன் 30 என்ற தேதியைக் கொடுத்துவிடுங்கள். தினமும் கேட்பவருக்கு நாம் கொடுக்கக்கூடியது ஒரு தேதிதான்.

நீங்கள் கேட்காத ஒன்று: உங்கள் நிறுவனத்தில் 90 நாள் நோட்டீஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகஸ்டில் கிளம்ப வேண்டுமானால் மே தொடக்கத்திலேயே ராஜினாமா கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். பட்டியலில் இருக்கிறோம் என்ற காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள், முன்பணம் கட்டிவிட்டோம் என்ற காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். விசா முத்திரையுடன் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும்; குறையும் நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ள ஒப்புக்கொள்வார்களா என்று மனிதவளப் பிரிவில் இப்போதே, பொதுவான கேள்வி மாதிரி, விசாரித்துவையுங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது தொழிற்சாலை மேலாளருக்கு விஷயம் எப்படியும் தெரிந்துவிடும். ஆகவே மனிதவளப் பிரிவுக்குப் போகும் முன் அவரிடம் பேசிவிடுங்கள்.